வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டேன், வீதிக்கும் வர வேண்டுமா?

மதிப்புக்குரிய மேடம்,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. திருச்சியில் இருக்கிறோம். மூத்தவனுக்கு இருபத்தெட்டு வயது, சென்னையில் ஐ.டி. வேலை. இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு மகன் தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இல்லை, ஆண்கள் மேல்தான் என்று சொன்னான். அழுதேன், கோயில் கோயிலாக ஏறி இறங்கினேன், அவனோடு பேசாமலும் இருந்தேன். அப்புறம் மனசு தெளிந்து, "நீ எப்படி இருந்தாலும் என் பிள்ளைதான்" என்றேன். என் கணவர் மட்டும் இன்னமும் "நல்ல டாக்டர் யாரிடமாவது காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்.

ஜூன் மாதம் சென்னையில் அவனைப் போன்றவர்கள் ஒன்றுகூடி நடத்தும் வானவில் பேரணிக்கு இந்த முறை என்னையும் கூப்பிடுகிறான். கட்டாயப்படுத்தவில்லை. "வந்தா நல்லா இருக்கும்மா" என்றான், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. டி.வி.யில் காட்டிவிட்டால்? சம்பந்தம் பேசுகிறவர்கள் பார்த்துவிட்டால்? என் நாத்தனார் குடும்பம் முழுக்கச் சென்னையில்தான் இருக்கிறது. பெண்ணுக்கு வரும் இடம் தட்டிப்போனால் ஆயுசுக்கும் என்னைத்தானே சொல்லிக் காட்டுவார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே சிலர் உடுத்தி வருவதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. என் மகன் அப்படியெல்லாம் இல்லை, அமைதியான பையன். அவனுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை?

போன வருடப் போட்டோ ஒன்றை மொபைலில் காட்டினான். சுங்குடிச் சேலை கட்டிய ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், அவன் தோளில் கை போட்டு நிற்கிறார். இன்னொரு கையில் "என் பிள்ளை என் பெருமை" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டை. யாருடா என்றேன். "ஃப்ரெண்டோட அம்மா" என்றான். அதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

போகாவிட்டால் நான் நல்ல அம்மா இல்லையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

சம்பந்தி வீடு, நாத்தனார், டி.வி. என்று விரிவாக எழுதிவிட்டு, அந்தப் போட்டோவுக்கு வந்ததும் "மனசு ஒரு மாதிரி இருக்கிறது" என்று நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு வந்தது பொறாமை. பதறாதீர்கள். மகன் முதலில் சொன்ன நாட்களில் அதே போட்டோவைப் பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள், கோபப்பட்டிருப்பீர்கள். இப்போது, 'அங்கே நானல்லவா நிற்க வேண்டும்' என்று தோன்றியிருக்கிறது. போக விருப்பமே இல்லாதவர் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

உடை விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போடுகிறேன். 2009 ஜூனில் சென்னையில் முதல் பேரணி மெரினாவில் நடந்தபோது முகமூடி போட்டு நடந்தவர்கள் இருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். சட்டமும் அன்று பக்கத்தில் இல்லை. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. ஆனால் மறைந்துகொள்ள வழியே இல்லாதவர்கள் என்று சிலர் உண்டு. திருநங்கைகள். வருஷம் முழுக்கத் தெருவில் ஏச்சையும் அடியையும் வாங்கி, கேட்டுக் கேட்டு, 2008-இல் தமிழ்நாட்டில் தங்களுக்கென்று ஒரு நலவாரியம் வரவைத்தவர்கள். உங்கள் அமைதியான பையன் ஞாயிற்றுக்கிழமை டீ-ஷர்ட்டில் பேரணி நடந்துவிட்டு திங்கட்கிழமை ஆபீஸ் போகிறான் என்றால், அதில் அவர்கள் பங்கு பெரிது. தேர்த் திருவிழாவில் வேஷம் கட்டி ஆடுகிறவரைப் பார்த்து நாம் முகம் சுளிப்பதில்லையே? கூச்சம் வந்தால் வரட்டும், பழகப் பழகக் குறையும். "நீ அவங்க மாதிரி இல்ல" என்று மட்டும் மகனிடம் பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள். 'இந்த அளவோடு நிறுத்திக்கொள்' என்றுதான் அவன் காதில் விழும்.

டி.வி. பயம் நியாயமான பயம். அண்மை ஆண்டுகளில் பேரணி எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியத்தில் தொடங்குகிறது. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். உங்கள் முகம் விழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கடிதம் முழுக்க உங்கள் மகள் கல்யாணப் பெண்ணாக மட்டும்தான் இருக்கிறாள். அவள் பேசி ஒரு வரிகூட இல்லை. அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அதைச் சொல்ல வேண்டியவன் அவன், நீங்கள் அல்ல. தெரியுமென்றால் உட்கார வைத்துக் கேளுங்கள். "அண்ணனை மறைச்சுத்தான் நடக்கும்னா அந்தக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லலாம். "இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கோம்மா" என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

டாக்டர் பேச்சுக்கு மட்டும் இடமே கொடுக்காதீர்கள். இது நோய் இல்லை. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்ற வைத்தியத்துக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையமும் அதைச் செய்யும் டாக்டர் தொழில் நெறி தவறியவர் என்று சொல்லிவிட்டது. அந்த உயர் நீதிமன்ற வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என்னைப் போன்றவர்கள் சொல்வதைவிட ஒரு ஜட்ஜ் செய்தார் என்றால் காது கொடுப்பார்.

சரி, போவதா வேண்டாமா? போகாவிட்டால் கெட்ட அம்மா ஆகிவிட மாட்டீர்கள். நல்ல அம்மா என்று பெயர் எடுக்கப் போவதாக இருந்தால் போகவும் வேண்டாம். வழி நெடுக நாத்தனாரைத் தேடிக்கொண்டே நடப்பீர்கள். என்னைக் கேட்டால், அந்த வாரம் சென்னைக்குப் போய் மகன் வீட்டில் தங்குங்கள். அந்த சுங்குடிச் சேலை அம்மாவை ஒரு காபிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கும் நாத்தனார் இருப்பார், முதல் வருடம் என்ன பாடு பட்டார் என்று அவரே சொல்லட்டும். மறுநாள் மனம் வந்தால் பேரணியில் கொஞ்ச தூரம் நடங்கள், அட்டை பிடிக்காமலே.

எதுவானாலும் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள், பொறாமைப்பட்டதையும் சேர்த்து. கேட்டால் சிரிப்பான், உள்ளூரச் சந்தோஷப்படுவான். பேரணி வழக்கமாக ஜூன் கடைசி ஞாயிறு. முந்தின நாள் போன் போட்டு மூட்டு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவின் மூட்டு வலி எது, சாக்கு எது என்று அவனுக்குத் தெரியாதா?