60 வயது அப்பா கோவை பக்கம் இருக்கும் வெள்ளியங்கிரி மலை ஏற ஆசைப்படுகிறார், கூட்டிப்போகலாமா?

இதய நோயோ மூச்சிரைப்போ இல்லையென்றால் கூட்டிப்போங்கள். "இந்த வயசில் எதற்கு?" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

என் மாமா கோவை பக்கம் சோமனூரில் சொந்த விசைத்தறியில் ஜவுளி முதலாளிகளுக்குக் கூலிக்குத் துணி நெய்து கொடுத்தவர். மலை ஏற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தறியை நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு, அதனால் தள்ளிக்கொண்டே போனது. பேசி ஒத்துக்கொண்ட கூலி உயர்வைக்கூட அந்த முதலாளிகள் கொடுக்காமல் இழுத்தடித்தால் மனுஷன் எப்போது கோயில் குளம் போவது? 2022இல் கோவை, திருப்பூர் பக்கம் விசைத்தறிக்காரர்கள் தறிகளை நிறுத்திப் போராடியதெல்லாம் சும்மா இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். சிவராத்திரிக் கூட்டம் வடிந்த பிறகு போனோம். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஏறினோம். ஏழு மலையும் சேர்ந்து ஒருவழிக்கு ஆறு கிலோமீட்டர் போலத்தான் வரும். ஆனால் முதல் மலையின் கல்படிகள் ஒன்று போல இன்னொன்று இருக்காது; வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் தொடை நடுங்கிவிடும். மாமா கொஞ்சம் படி ஏறுவார், தடியை மார்பில் சாய்த்து நிற்பார், மூச்சு அடங்கியதும் "போலாம் மாப்ளே" என்பார். அவர் சொல்லாமல் நான் அடுத்த படியில் கால் வைக்கவில்லை. உங்கள் அப்பாவோடு போகும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஐந்தாவது மலைக்கு மேல் காற்று ஆளைத் தள்ளியது. ஆண்டி சுனையில் குளித்தபோது பல் தந்தியடித்தது. ஏழாவது மலை செங்குத்து. அங்கே தவழாத குறைதான். விடியும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவில் இருக்கும் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு மாமா வெளியே வந்தார். கீழே சிறுவாணி அணைத் தண்ணீர் தெரிந்தது. "கோயமுத்தூரே குடிக்கிற தண்ணி இதுதானா!" என்று கையை நீட்டினார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் அதிகம் பேசாதவர். இறங்கும் வழியெல்லாம் அவர் அப்பாவைப் பற்றி, முதல் தறி வாங்கிய கடனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கிடைத்த பலன் அதுதான். பக்தியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். சிவனைக் கும்பிடத்தான் போனோம்.

ஆபத்தான யோசனை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. மலையில் மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நானும் படிக்கிறேன். மாமாவை டாக்டரிடம் காட்டி, ஈசிஜி எடுத்த பிறகே கிளம்பினோம். நீங்களும் எடுத்துவிடுங்கள். முட்டி வலிப்பது இறங்கும்போதுதான், அதனால் அன்றைக்கே ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள்.