கேட் திறக்கும், உங்கள் வீட்டுக் கோப்பும் சேர்ந்து திறக்கும்

கேள்வி: கோவளம் அருகே அங்கீகாரம் பெற்ற ஒரு கடற்கரை நகரில் 2016இல் வீடு வாங்கினேன். 2018இல் கடல் பக்கம் நீச்சல் குளமும் ஆழ்துளைக் கிணறும் (போர்) போட்டேன். குடும்பம் சென்னையில் இருப்பதால் வார இறுதிகளில் வீட்டை ஆப் மூலம் வாடகைக்கு விடுகிறேன். குடியிருப்போர் சங்கம் மாதப் பராமரிப்பை 2,500இலிருந்து 6,000 ரூபாய் ஆக்கியது. கணக்கு கேட்டதற்குப் பொதுக்குழுவில் செயலாளர் என்னை அவமானப்படுத்தினார், வாட்ஸ்ஆப் குழுவிலிருந்தும் நீக்கினார். 14 மாதமாக நான் பணம் கட்டவில்லை. இப்போது என் விருந்தினர்களின் காரை கேட்டில் நிறுத்துகிறார்கள். குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் இரவு பதினொரு மணிக்குத் திரும்பிப் போனது. சங்கத்தின் மீது வழக்குப் போட வேண்டும், நஷ்டஈடும் வேண்டும்.

பதில்: செயலாளர் பேசியது, வாட்ஸ்ஆப், அவமானம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். கோர்ட்டில் இவற்றுக்கு மதிப்பில்லை. கணக்குக்கும் அதே கதிதான். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணை கேட்க மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், நீங்கள் ஒரே ஆள்.

உங்கள் வழக்கில் ஒரே கேள்விதான்: கேட்டுக்கு உள்ளே இருக்கும் ரோடு யாருடையது? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கம். மனை போட்டவர் பெயரில் உள்ள பழைய சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் பத்திர எண் கிடைக்கும். அது பஞ்சாயத்து ரோடு என்றால் சங்கம் யாரையும் தடுக்க முடியாது. பாக்கிக்குப் பணவழக்குப் போடலாம், கேட்டைப் பூட்டக் கூடாது. அந்த ரோட்டில் கடலுக்குப் போக உங்களுக்கு இருக்கும் உரிமை பக்கத்துக் குப்பத்து மீனவருக்கும் உண்டு. இது உங்கள் சங்கத்துக்கும் தெரியும், அவர்கள் பயப்படுவதும் அதற்குத்தான்.

சரி, அப்போது நீங்கள் ஜெயிப்பீர்களா? கேட் விஷயத்தில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். என் கவலை அதற்குப் பிறகு நடக்கப்போவதைப் பற்றியது.

காவல் நிலையத்தில் நீங்கள் புகார் கொடுத்தால், வழிமறித்ததற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு வரும். வேடிக்கை என்னவென்றால், மின்சாரச் சட்டம் 2003இலும் ஒரு 126ஆம் பிரிவு இருக்கிறது, சங்கம் அதைக் கையில் எடுக்கும். வீட்டு இணைப்பில் நாள் வாடகைத் தொழில் நடத்துவது அனுமதி இல்லாத பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்தக் காலம் முழுவதற்கும், முடியாவிட்டால் கடைசி 12 மாதத்துக்கும், அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். ஆதாரத்தைத் தேட வேண்டியதும் இல்லை, ஆப்பில் உங்கள் விளம்பரமும் விருந்தினர் எழுதிய விமர்சனங்களும் தேதியோடு இருக்கின்றன.

அதைவிடப் பெரிய வினை அந்தக் குளம். நீங்கள் கட்டியபோது அமலில் இருந்த 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, மூன்றாம் வகைப் பகுதியில் (பெரும்பாலும் ஊரகக் கடற்கரை) உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அனுமதியோடு இருந்த பழைய வீட்டைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். போர் போட்டு நிலத்தடி நீர் எடுப்பதற்கும் அங்கே தடை. குளத்துக்கு அனுமதி வாங்கியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வாங்கியிருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பீர்கள்.

இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்னிடம் வழக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்கள் விழுவதை நான் அதிகம் பார்த்திருப்பது இங்கேதான். பக்கத்து வீட்டுக்காரன் மீதோ சங்கத்தின் மீதோ கோபத்தில் மனு போடுவார்கள். எதிர்த்தரப்பு பதில் மனுவோடு ஒரு புகாரையும் கலெக்டர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவுக்கு அனுப்பும். அளக்க வருகிறவர்கள் கேட்டை அளக்க மாட்டார்கள், மனுதாரரின் சுற்றுச்சுவரிலிருந்து தொடங்குவார்கள். அப்புறம் வழக்கை வாபஸ் வாங்கினாலும் அந்தக் கோப்பு மூடாது. பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்பதும் காப்பாற்றாது. கொச்சி மரடுவில் பதிவுப் பத்திரத்தோடு வாங்கியவர்கள் இருந்த நான்கு அடுக்குமாடிகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

தடை உத்தரவு கேட்கும் வழக்குக்கே இதனால் அடி விழலாம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 41(i) பிரிவின்படி, வாதியின் நடத்தையே சரியில்லை என்றால் நீதிமன்றம் கைவிரிக்கலாம். தடுக்கப்பட்டது உங்கள் தங்கை குடும்பமாக இருந்தால் நீதிபதி ஒரு மாதிரி பார்ப்பார், பணம் கொடுத்துத் தங்க வந்தவர்கள் என்றால் வேறு மாதிரி பார்ப்பார். நஷ்டஈட்டை மறந்துவிடுங்கள். இழந்த வருமானம் என்று எழுதும்போதே தொழில் நடத்தியதை உங்கள் கையெழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். பழைய விகிதத்தில் 14 மாதத்துக்கு 35,000 ரூபாயை நாளைக்கே வங்கி மூலம் 'ஆட்சேபத்துடன்' என்று குறிப்பிட்டுக் கட்டுங்கள். தகராறு மிச்சமுள்ள 49,000 ரூபாய்க்குத்தான், பாதியில் முடிந்தால் லாபம். புது விகிதத்தை ஏற்பதாகக் கடிதத்திலோ வாட்ஸ்ஆப்பிலோ இப்போதைக்கு ஒரு வார்த்தை எழுதாதீர்கள். விருந்தினர் பெயரை முன்கூட்டித் தருகிறேன், பத்து மணிக்கு மேல் பாட்டு கிடையாது என்று நீங்கள் இறங்கினால் கேட்டில் தடுக்க மாட்டோம் என்று அவர்கள் இறங்குவார்கள். தானப் பத்திர நகலைப் பையில் வைத்திருங்கள், அவர்களாகக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். செயற்குழுத் தீர்மானமாக எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட நகல் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

குளத்தையும் போரையும் உயர் அலைக் கோட்டிலிருந்து ஒரு தனியார் சர்வேயரை வைத்து அளந்து, அந்த அளவை என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டுங்கள். மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள். அது மாறும்வரை வீட்டை வாடகைக்கு விடாதீர்கள்.