புஹோல்ஸைப் போகவிட்டது – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செயின்ட் லூயிஸில் வசிக்கிறேன். அமெரிக்க மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2011இன் மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் ஊர் கார்டினல்ஸ் அணியின் ஆல்பர்ட் புஹோல்ஸ் மூன்று ஹோம் ரன்கள் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகள்) அடித்ததைப் பார்த்த அன்றுதான் பேஸ்பால் எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் கோப்பையை வென்று ஆறு வாரங்களில் கார்டினல்ஸ் அணி அவரைப் போகவிட்டது. பதினோரு ஆண்டுகள் உழைத்தவருக்கு இப்படியா நன்றி காட்டுவது? அவர் ‘முடிந்துபோனவர்’ என்றார்கள். ஆனால் 2017இல், 37 வயதில், ஏஞ்சல்ஸ் அணிக்காக 101 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) எடுத்தார். 2022இல் திரும்பி வந்து 700 ஹோம் ரன்களைத் தாண்டினார். கணினி முன் அமர்ந்து வீரர்களை எடைபோடுகிறவர்கள் இந்த ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வயதான என் மகன், ஓர் அணி யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை விட வேண்டும் என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கார்டினல்ஸ் 2013இல் வேர்ல்ட் சீரிஸுக்குப் போனபோது அணியில் யார் யார் இருந்தார்கள், ஒவ்வொருவரும் எந்த வழியாக வந்தார்கள் என்பதைச் சில வாரங்களாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையின் நடுவில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் புஹோல்ஸை நேசிப்பது எனக்குப் புரிகிறது. என் தலைமுறையில் அவரைப்போல மட்டையைப் பிடித்தவர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனாலேயே, அவர் பெயரால் நீங்கள் முன்வைக்கும் வாதங்கள் இவ்வளவு பலவீனமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கணினிக்காரர்களைப் பற்றிய உங்கள் குறையை விட்டுவிடுகிறேன். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999இல், புஹோல்ஸ் பதின்மூன்றாவது சுற்றில், 402ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை நேரில் பார்த்த அனுபவசாலிகளின் கண்களே அவரைத் தாண்டிப் போயின. வெறும் கண்ணை நம்பிய காலம் பொற்காலம் என்று சொல்ல அவருடைய ரசிகருக்கு உரிமை இல்லை.

நான் விடமாட்டேன் என்று சொல்வது அந்த 101ஐ. உங்கள் கடிதத்தின் முழு எடையும் அந்த ஓர் எண்ணின்மீது நிற்கிறது. ஆர்.பி.ஐ. என்பது ஒரு பேட்டர் பந்தை அடித்ததன் பயனாக எத்தனை பேர் ஓடி வந்து ரன் சேர்த்தார்கள் என்ற கணக்கு. அப்படியானால், பெரும்பாலும், அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர்கள் பேஸில், அதாவது ரன்னுக்காக ஓடும் வழியில் உள்ள நிலைகளில், நின்றிருக்க வேண்டும். அவர்களை அங்கே நிறுத்தியது யார்? ஏஞ்சல்ஸ் வரிசையில் அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர் மைக் ட்ரவுட். காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்ட அந்த ஆண்டிலும் ட்ரவுட்டின் ஆன்-பேஸ் சதவீதம் .442. நூறு முறை மட்டை பிடித்தால் நாற்பத்து நான்கு முறை அவர் பேஸை அடைந்தார். அவருக்கு அடுத்து வருகிறவர் சுமாராக அடித்தாலும் ஆர்.பி.ஐ. குவியும், அந்தக் குவியலில் ட்ரவுட்டின் கால்கள் சேர்த்த பங்கை அட்டவணை சொல்வதில்லை.

இப்போது புஹோல்ஸ் தாமாகச் செய்ததைப் பாருங்கள். 2017இல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது தம் அடியாலேயே பேஸை எட்டிய விகிதம், .241, ஆன்-பேஸ் சதவீதம் .286. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் ஏறத்தாழ 714 முறை அவர் பேஸை எட்டாமல் திரும்புகிறார் என்று பொருள். லீகின் சாதாரண பேட்டரோ .320க்குச் சற்று மேலே இருந்தார். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் இருப்பது 27 அவுட்கள். அவற்றைக் குறைவாகச் செலவழிப்பதுதான் பேட்டரின் முதல் கடமை. ரன் சேர்ப்பதே அதற்குப் பிறகுதான் வருகிறது. இதோடு, கால்கள் தளர்ந்துபோனவர் பந்தைத் தரையோடு அடிக்கும்போது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாகிறார்கள். மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிக முறை அப்படி இரட்டை அவுட்டில் சிக்கியவர் புஹோல்ஸ்தான். அதில் ஒரு பங்கு நீண்டகாலம் ஆடியதால் வந்தது. இன்னொரு பங்கு அந்தக் கால்களால் வந்தது. மேஜர் லீகுக்குக் கீழ்நிலையில் உள்ள மைனர் லீகிலிருந்து மிகக் குறைந்த சம்பளத்துக்கு அழைத்து வரக்கூடிய ஒரு சாதாரண வீரரோடு ஒப்பிட்டு, ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூட்டித் தந்தார் என்று கணக்கிடும் முறை இருக்கிறது. அந்த முறையில் 2017ஆம் ஆண்டுப் புஹோல்ஸ் பூஜ்யத்துக்கும் கீழே போனார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 26 மில்லியன் டாலர். பயணிகள் நிறைந்த நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் வசூலை வைத்து ஓட்டுநரின் திறமையைச் சொல்லிவிட முடியுமா? அந்த 101ஐ வைத்து நீங்கள் செய்தது அதுதான். நீங்கள் படித்தவர், நாள் முழுவதும் எண்களோடு புழங்குகிறவர் என்று உங்கள் கடிதத்தின் நடையே சொல்கிறது. நேசத்துக்கு முன்னால் மட்டும் ஏன் கணக்கைக் கீழே வைத்துவிடுகிறீர்கள்?

அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட விதத்தையும் பாருங்கள். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு 240 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. முதல் ஆண்டில் 12 மில்லியன், அடுத்த ஆண்டில் 16, பிறகு 23, அதன்பின் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வீதம் ஏறி, 2021இல் 30. உடல் இறங்க இறங்கச் சம்பளம் ஏறும்படி அதை அமைத்திருந்தார்கள். அந்த 30 மில்லியன் ஆண்டின் மே மாதத்திலேயே ஏஞ்சல்ஸ் அவரை அணியிலிருந்து நீக்கியது. நன்றி பற்றிப் பேசும் நீங்கள் அந்த மே மாதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

‘பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசுவது எளிது’ என்று நீங்கள் மனத்துக்குள் சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. ஓர் அணியின் முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்ததைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். அந்த நாளில் தெரிந்தவை இவை. புஹோல்ஸ் 2009இல் 47 ஹோம் ரன்கள், 2010இல் 42, 2011இல் 37. சராசரி .327, .312, .299. பந்து வீசும் பிட்சர் அவருக்கு அஞ்சி வெளியே வீசியும், அவர் பொறுமையோடு விட்டும் கிடைக்கும் இலவச நடை 115, 103, 61. மூன்று தூண்களும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. 2011 ஜூனில் கையில் எலும்பு முறிந்ததால்தான் இப்படி என்று அப்போதும் சொன்னார்கள். ஆனால் சரிவு 2010இலேயே தொடங்கிவிட்டது. அதுவும் 37 ஹோம் ரன்கள் அடித்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம், அவர் அப்போதும் மிகச் சிறந்த வீரர்தான். 2012இல் ஏஞ்சல்ஸுக்காக 30 ஹோம் ரன்களும் 105 ஆர்.பி.ஐ.யும் எடுத்தார். அடுத்த ஆண்டே குதிகால் வலி அவரை 99 ஆட்டங்களோடு உட்கார வைத்தது. 32 வயதில் தொடங்கி 41 வயதில் முடியும் பத்து ஆண்டுகளை விலைக்கு வாங்குகிறவர் முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்க்கக் கூடாது.

கார்டினல்ஸ் நிர்வாகம் ஞானிகளால் ஆனது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களும் 200 மில்லியனை ஒட்டிய தொகையைத் தரத் தயாராக இருந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. அவர் அதை ஏற்றிருந்தால் இதே சுமையைச் சற்றுக் குறைந்த எடையில் செயின்ட் லூயிஸ் சுமந்திருக்கும். பின்னாளில் டெக்ஸ்டர் ஃபவுலருக்கு 82.5 மில்லியன் கொடுத்ததும் அவர்கள்தான். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் அவர்களைப் பாராட்டுவது ஒன்றுக்காகத்தான். இதற்குமேல் போகமாட்டோம் என்று ஒரு கோட்டைக் கிழித்தார்கள், கோப்பையை வென்ற மயக்கத்திலும், நகரமே கண்ணீர் விட்டபோதும், அதைத் தாண்டவில்லை.

தாண்டாததால் வந்தது என்ன என்பதைத்தான் இந்த வாரங்களில் எழுதிப் பார்த்தேன். 2012இல் அந்த அணியின் மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 110 மில்லியன். ஆண்டுக்கு 24 மில்லியன் என்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கார்லோஸ் பெல்ட்ரானை இரண்டே ஆண்டுகளுக்கு, 26 மில்லியனுக்கு எடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 32 ஹோம் ரன்கள். கேட்சர் யாடியர் மொலினாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 75 மில்லியன் தந்து தக்கவைத்தார்கள். ஃபர்ஸ்ட் பேஸில் ஆலன் கிரெய்க் நின்றார். எட்டாவது சுற்றில் எடுக்கப்பட்டவர், 2012இல் .307 சராசரியோடு அடித்தார். புஹோல்ஸைப்போலவே பதின்மூன்றாவது சுற்றில் வந்த மேட் கார்பென்டர் 2013இல் அணியின் தொடக்க பேட்டராக உயர்ந்தார்.

இவர்கள் எல்லாரையும்விட என்னை நிறுத்தி வைத்த பெயர் மைக்கேல் வாக்கா. அன்றைய விதிப்படி, புஹோல்ஸை எடுத்துக்கொண்ட ஏஞ்சல்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கார்டினல்ஸிடம் இழந்தது. 2012 டிராஃப்டில் அந்த 19ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிட்சர்தான் வாக்கா. அடுத்த ஆண்டு அக்டோபரில், 22 வயதில், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் ஒரு ரன்கூடத் தராமல் வீசினார். இரண்டு முறையும் எதிரில் வீசியவர் அன்றைய தலைசிறந்த பிட்சர்களில் ஒருவரான கிளேட்டன் கெர்ஷா. தொடரின் சிறந்த வீரர் விருது வாக்காவுக்குக் கிடைத்தது, அணி வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அங்கே பாஸ்டனிடம் தோற்றது என்பது வேறு. புஹோல்ஸ் ஆடிய காலம் முழுவதிலும் ஏஞ்சல்ஸ் பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றுகளுக்கு, போனது ஒரே முறை, 2014இல். கான்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. இத்தனைக்கும் அந்த அணியிடம் ட்ரவுட் இருந்தார். ஒருவரிடம் இவ்வளவு பணத்தைக் கட்டிவைத்த அணியால், ட்ரவுட்டைச் சுற்றி நல்ல பிட்சர்களை நிறுத்த முடியவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

2019 ஜூனில் என் தங்கை குடும்பத்தோடு கார்டினல்ஸின் மைதானமான புஷ் ஸ்டேடியத்தில் இருந்தேன். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஏஞ்சல்ஸ் சட்டையோடு புஹோல்ஸ் அங்கே ஆட வந்திருந்த தொடர் அது. அவர் மட்டையோடு வரும்போதெல்லாம் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் எங்கள் அணிக்கு எதிராக ஹோம் ரன் அடித்தார். அதற்கும் எழுந்து நின்று, உள்ளே போனவரை மீண்டும் வெளியே வரவழைத்துத் தட்டினார்கள். எதிரணிக்காரர் ஒருவருக்கு அப்படியொரு வரவேற்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் தங்கை அழுதாள், நானும் அழுதேன். செந்தில், அந்தக் கைதட்டல் எப்படி மிஞ்சியது என்று யோசித்துப் பாருங்கள். .241 சராசரியோடு 26 மில்லியன் வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல இளைஞனின் இடத்தையும் பிடித்துக்கொண்டு, ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் அதே மக்கள் முன்னால் அவர் நின்றிருந்தால் அந்த அன்பு என்ன கதிக்கு ஆளாகியிருக்கும்? நன்றி காட்டவில்லை என்று நீங்கள் குறைசொன்ன அணியின் நகரம் அவரை அன்று எப்படித் தாங்கியது என்பதை உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2022ஐ உங்கள் பக்கத்துச் சாட்சியாக அழைக்கிறீர்கள். அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்த ஆண்டுதான் நேஷனல் லீகிலும் களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் இடம் நிலையாக வந்தது. கார்டினல்ஸ் அவரை ஓராண்டுக்கு, 2.5 மில்லியனுக்கு எடுத்தது. பெரும்பாலும் இடக்கை பிட்சர்கள் வீசும்போது இறக்கியது. அவர் 24 ஹோம் ரன்கள் அடித்து 703இல் முடித்தார். செப்டம்பர் 23 அன்று டாட்ஜர்ஸின் மைதானத்தில் 699ஐயும் 700ஐயும் ஒரே ஆட்டத்தில் அடித்தபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை. அந்த வீரரிடம் மிஞ்சியிருந்தது என்ன என்று சரியாக அளந்து, அதற்குரிய இடத்தையும் விலையையும் கொடுத்ததால் கிடைத்த ஆண்டு அது. ஆனால் எல்லா உடலும் ஒரே வயதில் தளர்வதில்லை என்பதையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்: அதே அணியில் அதே ஆண்டு, 34 வயதைக் கடந்த பால் கோல்ட்ஷ்மிட் லீகின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

மகனுடைய கேள்விக்கு வருகிறேன். அவன் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். இன்று உங்கள் அணியில் இருக்கும் ஒரு வீரரை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அவனுக்கு மிகவும் பிடித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளின் வயது, ஆன்-பேஸ் சதவீதம், இலவச நடை, ஸ்ட்ரைக் அவுட், ஆடிய ஆட்டங்கள், சம்பளம் இவற்றை வரிசையாக எழுதட்டும். பக்கத்திலேயே அந்த இடத்துக்கு மைனர் லீகில் காத்திருக்கும் ஒருவருடைய எண்களையும் எழுதட்டும். ஆர்.பி.ஐ.க்கு அந்தத் தாளில் இடம் வேண்டாம். எழுதி முடித்ததும், நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு அவன் எவ்வளவு தருவான் என்று கேளுங்கள். அவன் சொல்லும் தொகையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்