பாதி கேஸில் ஓடுமா டீசல் கார்?

வாசகர்களின் வண்டிச் சந்தேகங்களுக்கு, தண்டையார்பேட்டையில் டீசல் பம்ப் பட்டறை நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, என்னுடையது 2014 மாடல் டீசல் கார். வாடகைக்கு ஓட்டுகிறேன். எல்.பி.ஜி. கிட் போட்டால் பாதி டீசல், பாதி கேஸ் என்று ஓடும், நிறைய மிச்சமாகும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், எர்ணாவூர்)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் வண்டிக்கும் ஒத்துவராது, நீங்கள் ஓட்டுகிற ரோட்டுக்கும் ஒத்துவராது.

இரண்டும் டேங்கில் கலப்பதில்லை. கேஸ், காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போகும். டீசல் வழக்கம்போல, அதைப் பீய்ச்சி அடிக்கிற இன்ஜெக்டர் வழியாக வரும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போதும். எல்.பி.ஜி.க்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டும், சி.என்.ஜி.க்கு, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, 500-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே டீசல் பற்றி, அந்த நெருப்பில்தான் கேஸ் எரிய வேண்டும். கேஸ் உள்ளே போனதும் வண்டி நன்றாக இழுக்கும், உங்கள் கால் தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்தும், டீசல் குறையும். மிச்சம் என்று சொல்வது இதைத்தான்.

இந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒரே வேகத்தில், ஒரே லோடில் ஓடும் ஜெனரேட்டருக்கு நல்ல முறை. சாண எரிவாயுவையும் டீசலையும் சேர்த்து பம்ப்செட் ஓட்டிய விவசாயிகள் நம் நாட்டில் உண்டு.

ஆனால் நீங்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவர். வண்டி நின்றால் கிட் கேஸை நிறுத்திவிடும். அப்போது ஓடுவது முழு டீசலில். ஊரும்போது கேஸ் கொஞ்சமாகவும் காற்று நிறையவும் இருப்பதால் சரியாக எரியாது. காசு கொடுத்து வாங்கிய கேஸ் சைலன்சர் வழியே வெளியே போய்விடும். மணலி, எண்ணூர் பக்கம் நம் பிள்ளைகள் சுவாசிக்கிற காற்று ஏற்கெனவே எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மேம்பாலம் ஏறும்போது வேறு ஆபத்து. டீசல் இன்ஜினின் அழுத்தத்தை எல்.பி.ஜி. தாங்காது, நேரம் தவறி வெடித்துத் தட்ட ஆரம்பிக்கும். இப்படி கிட் போட்ட, காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வேன் ஒன்று சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தது. 'பாலம் ஏறினால் கடகடவென்று சத்தம் வருகிறது' என்றார் ஓனர். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஐந்து ரூபாய் காசு அளவுக்கு உருகி ஓட்டை. இன்ஜெக்டரில் டீசல் பீய்ச்சும் வாயான நாசிலின் முனை கருகிக் கிடந்தது. நாசிலைக் குளிர வைப்பதே அதன் வழியாகப் போகிற டீசல்தான். அது குறைந்தால் முனை சுடும். அவர் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்தது ஒரே இன்ஜின் வேலையில் போயிற்று. அந்த ஒரு வேனை நம்பித்தான் அந்தக் குடும்பம் இருந்தது, எனக்கு மனசே ஆறவில்லை. கிட் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கையில் இன்றும் அந்தப் பிஸ்டனைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

அப்புறம், உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் மாற்றம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சந்தேகம். கிட்டுக்குப் போடும் பணத்தில் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பாருங்கள். ஒன்று ஒழுகினாலே மைலேஜ் போய்விடும். நம் பக்கத்துத் தூசிக்கு ஏர் ஃபில்டரை, புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் சமையல் சிலிண்டரிலிருந்து ஆம்னி வேனுக்கு கேஸ் ஏற்றுகிறார். பயமாக இருக்கிறது.
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி நிற்கும், ஒரு சின்னப் பொறி போதும். வண்டிக்கான டேங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்திவிடும் வால்வு உண்டு. வீட்டில் ஏற்றும்போது எதையும் நம்ப முடியாது. 2001-ல் வந்த மத்திய அரசு ஆணைப்படி வீட்டு கேஸை வண்டிக்குப் பயன்படுத்துவது குற்றம். அவர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: டீசல் இன்ஜினை முழுக்கவே சி.என்.ஜி.க்கு மாற்ற முடியுமா?
(வாசகர், மாதவரம்)

பதில்: முடியும். ஆனால் அழுத்த விகிதத்தை, அதாவது இன்ஜின் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதைக் குறைத்து, ஸ்பார்க் பிளக் வைத்து, ஹெட்டையும் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். பாதி இன்ஜினைப் புதிதாகச் செய்வதற்குச் சமம். பழைய காருக்கு அவ்வளவு செலவு செய்வதைவிட, அடுத்த வண்டி வாங்கும்போது கம்பெனியிலேயே சி.என்.ஜி. வைத்து வருவதை எடுங்கள். அதில் கேஸ் 200 பார் அழுத்தத்தில் இருக்கும், ஆகவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையைத் தவறவிடாதீர்கள்.