பட்டறைப் பக்கம்: டிரெயின் போல்ட்டில் ஆயில் சொட்டுதா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க டிப்பர் குவாரியில இருந்து எம்-சாண்ட் ஏத்திப் புளியரை வழியா கேரளாவுக்கு ஓடுது. போன மாசம் ஆயில் மாத்துனதுல இருந்து சேம்பர் டிரெயின் போல்ட்ல சொட்டுது. டிரைவர் ரெண்டு தடவ இறுக்கிப் பாத்துட்டார், நிக்கல. டெஃப்லான் டேப் சுத்தி மாட்டச் சொல்லுதாங்க. மாட்டலாமா?
– ஆலங்குளம் வாசகர்

பதில்: டேப் வேண்டாம். இனி இறுக்கவும் வேண்டாம். தண்ணீர்க் குழாயின் மரை நுனி சிறுத்து வரும். திருகத் திருகக் கவ்வும். அங்கே டேப்புக்கு வேலை உண்டு. உங்கள் போல்ட்டில் இருப்பது நேர் மரை. அது போல்ட்டைப் பிடித்து வைக்க மட்டும்தான். ஆயிலைத் தடுப்பது போல்ட் தலைக்கும் சேம்பருக்கும் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நடுவே நசுங்கி உட்காரும் வாசர். டேப்பில் பிய்ந்த துணுக்கு சேம்பருக்குள் விழுந்தால் ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் ஒட்டும். பிரஷர் குறைந்தால் பேரிங் போகும். (கியர் பாக்ஸிலும், பின் அச்சின் கியர் கூடான கிரௌனிலும் சில வண்டிகளுக்கு வாசரே இல்லாத, நுனி சிறுத்த பிளக் வரும். அது வேறு கணக்கு.)

கழற்றுமுன் ஒழுகுவது போல்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். சேம்பரில் போல்ட்தான் தாழ்ந்த இடம் என்பதால் ஃபில்டர் அடியில் கசிந்தாலும், டைமிங் கவரில் கசிந்தாலும் சொட்டு அங்கே வந்துதான் தொங்கும். சேம்பரை டீசல் விட்டுத் துடைத்துக் காயவிட்டு, போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு முகப்பவுடரோ சாக்பீஸ் தூளோ பூசுங்கள். நின்ற இடத்திலேயே 20 நிமிடம் எஞ்சினை ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்திருந்தால் வாசர்தான். மேலே இருந்து கோடாக இறங்கியிருந்தால் அந்தக் கோட்டின் தலைமாட்டைத் தேடுங்கள். இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் பலர் ஒன்றுக்கு மூன்று தடவை ஆயிலை இறக்குகிறார்கள்.

வாசர்தான் என்றால் வேலை இப்படி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். லாரிக்குப் பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது. ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். போன மாதம் ஊற்றிய ஆயில்தானே, சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் மண் பறக்கும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

போல்ட் கையில் வந்ததும் வாசரை எண்ணுங்கள். பழைய வாசர் சேம்பரிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதிதை வைத்து மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கிறது. இரட்டை வாசர் எந்த இறுக்குக்கும் நிற்காது. அடுத்து, சேம்பரில் வாசர் உட்காரும் முகத்தைத் துடைத்து நகத்தால் உரசுங்கள். துளையைச் சுற்றி வட்டமாக ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. துளையில் இருந்து வெளியே ஓடும் கீறல் முடி அளவு இருந்தாலும் ஆயிலுக்கு அது வாய்க்கால். வாசரை உளியால் நெம்பி எடுத்தவர்கள் விட்டுப்போகும் கீறல் அது. துளைக்குள் கிரீஸ் தடவிய ரப்பர் துண்டைச் செருகி, தட்டையான கட்டையில் 400 நம்பர் எமரி தாளை வைத்து, கீறல் மறையும்வரை வட்டமாகத் தேயுங்கள். பனியன் வேஸ்ட்டைத் துளைக்குள் திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். போல்ட் தலையின் அடிமுகம் குழிந்திருந்தால் லேத்தில் ஒரு வெட்டு கொடுக்கலாம். புது போல்ட் வாங்கிவிடுவதே நல்லது.

வாசரைப் புதிதாகப் போடுங்கள், அதே உள்விட்டம், அதே கனம். செம்பு வாசர் ஒருமுறை நசுங்கினால் விறைத்துவிடும், மறுபடி நசுங்கிக் கொடுக்காது. நடுவழியில் புதிது கிடைக்காவிட்டால் தட்டைச் செம்பு வாசரை கேஸ் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும். கருகலை எமரியில் தேய்த்து மாட்டலாம். அலுமினியத்தில் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும். உள்ளே ரப்பர் வைத்த வாசருக்கு மறுவாழ்வே இல்லை.

விரலால் கடைசிவரை திருகி, பிறகு ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்குப் பெரும்பாலும் 35 முதல் 45 நியூட்டன் மீட்டர், 22 மி.மீ. மரைக்கு 60 முதல் 80. வண்டிப் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே பிடியுங்கள். ரெஞ்ச் இல்லையென்றால் வாசர் முட்டியபின் கால் சுற்று. ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம். முதலில் 2 லிட்டர் மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். கசிந்தால் 2 லிட்டரைத்தான் மறுபடி இறக்க வேண்டும். கசியவில்லையென்றால் முழு அளவும் ஊற்றி, ஆயில் மட்டம் காட்டும் ஸ்டிக்கைப் பார்த்தபிறகே எஞ்சினைப் போடுங்கள்.

கேள்வி: போல்ட் இறுகாம சும்மா சுத்துது. அடுத்த சைஸ் போல்ட்டை அடிச்சு ஏத்தித் தாரேன்னு பட்டறையில சொல்லுதாங்க. நம்பலாமா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: சேம்பர் தகடா, வார்ப்பு அலுமினியமா? காந்தம் ஒட்டிப் பாருங்கள். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய போல்ட் இரும்புத் தகட்டில் சில மாதம் தாக்குப்பிடிக்கும். அலுமினியத்தில் அது கோணலாக ஏறி விளிம்பில் விரிசல் விட்டால் சேம்பரே மாற்ற வேண்டியிருக்கும்.

தகடு என்றால் சேம்பரை இறக்கி, நன்றாகக் கழுவி, உள்ளே பற்றவைத்திருக்கும் நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது நட் வெல்டிங் செய்வதே நிரந்தரம். ஆயில் ஆவி நிற்கிற சேம்பரை வண்டியில் வைத்தபடி வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்.

அலுமினியம் என்றால் துளையைப் பெரிதாக்கி, இரும்பு புஷ் இறக்கி, அதில் பழைய அளவு மரை வரும்படி செய்யலாம். கம்பிச் சுருள் வைக்கும் ஹெலிகாயிலும் உண்டு. ஆனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்டும் இடத்தில் கட்டி புஷ்தான் என் தேர்வு. சுருள் ஒருநாள் போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். சேம்பரை இறக்காமல் செய்வதானால் மரை வெட்டும் டேப்பின் (டெஃப்லான் டேப் அல்ல) பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொள்ளுங்கள், சீவல் அதில் ஒட்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். முடிந்ததும் துளையைத் திறந்து வைத்தே அரை லிட்டர் ஆயிலை மேலே ஊற்றி மிச்சத்தைக் கழுவி விடுங்கள். புஷ்ஷின் முகம் சேம்பர் முகத்தைவிட முடியளவு உள்ளே இருக்க வேண்டும். துருத்தினால் வாசர் அதன்மேல்தான் உட்காரும், சுற்றிலும் ஒழுகும்.

கேள்வி: புது வாசர், புது போல்ட். ஆனாலும் ஈரம் நிக்கல. சேம்பர் பேக்கிங்கிலும் வேர்க்குது.
– பணகுடி வாசகர்

பதில்: ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதுங்கள். குவாரித் தூசியும் ஆயிலும் சேர்ந்து அது அடைத்தால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, பலவீனமான இடமெல்லாம் கசியும். பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; டிரெயின் போல்ட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: சொட்டோட சென்னைக்கு லோடு போகலாமா?
– தாழையூத்து வாசகர்

பதில்: நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டிக் பார்த்துக்கொண்டு போகலாம். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் போய்விடும், போகாதீர்கள். போல்ட் கையால் திருகவே வருகிறது என்றால் சொட்டு எத்தனை என்று எண்ணவே வேண்டாம். வழியில் அது விழுந்தால் மொத்த ஆயிலும் ரோட்டில்.

கேள்வி: வண்டிக் கணக்கெல்லாம் நான்தான் பாக்கேன். இறக்குன பழைய ஆயிலை என்ன செய்ய?
– பேட்டை வாசகி

பதில்: ஓடையில் ஊற்றாதீர்கள் அம்மா. நம் ஊர் ஓடைத் தண்ணீர் கால்வாயில் சேர்ந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகள்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில், தண்ணீரோ டீசலோ கலக்காமல் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரருக்குக் கொடுத்து ரசீது வாங்கி உங்கள் கணக்கில் வையுங்கள். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வடியவிட்டு அதோடு கொடுத்துவிடுங்கள்.