வேலூரில் மின்னலைப் படமெடுப்பது எப்படி?

மின்னல் வெட்டியதும் பொத்தானை அழுத்தினால் வெறும் இருட்டுதான் பதிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னலைத் துரத்தாதீர்கள், ஷட்டரை (கேமராவுக்குள் ஒளியை விடும் திரையை) திறந்து வைத்து அதற்காகக் காத்திருங்கள். இருட்டிய பின் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8, ஷட்டர் 15 நொடி என வைத்து விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். ஃபோகஸைத் தொலைவிலுள்ள ஒரு விளக்கில் கையாலேயே சரிசெய்துவிடுங்கள். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். மின்னல் கீற்று வெளிறிப்போனால் அப்பர்ச்சரைத்தான் சுருக்க வேண்டும், அதாவது எஃப் எண்ணைக் கூட்ட வேண்டும். மின்னல் கண நேரமே ஒளிர்வதால், ஷட்டர் நேரம் தெருவிளக்கு, வானம் ஆகியவற்றின் வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்திய நாளின் மாலை நல்ல வேளை. ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கருக்கும்போதே தயாராகுங்கள். இடி தொலைவில் இருக்கும்போது கிடைக்கும் படம்தான் அழகு. மலை விளிம்பும் முழுக் கீற்றும் சேர்ந்து அமையும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மொட்டைமாடியானாலும் பாலாற்று மணலானாலும் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை முக்காலியை எடுக்கக்கூட வெளியே வராதீர்கள்.