கோல்பர்ன் ஆற்றில் தூண்டில் போடப் போகிற தம்பிக்கு

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து ஷெப்பர்ட்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வீட்டுப் பக்கத்திலேயே கோல்பர்ன் ஆறு ஓடுகிறது, மண்புழுவைக் கோத்துப் போட்டால் நம் ஊர் விரால், கெண்டை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். விரால் கிடையாது தம்பி. கெண்டை இனத்துக் கார்ப் வேண்டாம் என்றாலும் வந்து மாட்டும்.

அதுவும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் சேற்றைக் கிளறி ஆற்றையே கலக்கிவிட்டதால் இங்கே அதற்கு மரியாதை இல்லை. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். உயிரோடு திரும்ப விடுவதுதான் விக்டோரியாவில் குற்றம். மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். சாப்பிடலாமா என்றால், முள்ளும் சேற்று வாடையும் அதிகம். நான் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, புளித்தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துக் கழுவுவேன். அப்படியும் என் மனைவி தொட மாட்டாள்.

மர்ரே காட் விஷயத்தில் எல்லாமே தலைகீழ். இந்த மண்ணின் மீன் அது. 100 கிலோவைத் தாண்டி வளர்ந்ததுகூட உண்டு. 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் ஆற்றில் நாளுக்கு ஒன்றுதான். சின்னதை விடச் சொல்வது புரிகிறது, பெரியதை ஏன் என்று எனக்கும் முதலில் எரிச்சலாக இருந்தது. பெரிய தாய்மீன்தான் முட்டையை அள்ளிக் கொட்டும். முட்டையிட்ட பிறகு மூழ்கிய மரப்பொந்தில் காவல் இருப்பது ஆண் மீன். அந்தக் காலத்துக்காகவே செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை ஆற்றில் காட் பிடிக்கத் தடை. நீங்கள் ஆகஸ்ட் கடைசியில் கேட்கிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தப்பி மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விடுங்கள். போட்டோவுக்காகத் தாடையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், உடம்பின் கனமே அதற்கு வினை.

குழம்புக்கு என்றால் எல்லோபெல்லி மீனுக்காகக் காத்திருங்கள். மஞ்சள் வயிறு, கெட்டியான சதை, 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளவுகோல் ஒட்டிய பலகை ஒன்று கூடவே இருக்கட்டும்.

அப்புறம் லைசென்ஸ். விக்டோரியா லைசென்ஸை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். கோல்பர்னுக்கு அது போதும், விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையே ஓடும் மர்ரே ஆற்றுக்குப் போதாது. இது தெரியாமல் நான் மர்ரே ஓரத்து எச்சூக்காவில், விக்டோரியா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி வந்து கேட்டதும் பெருமையாக எடுத்து நீட்டினேன். "உங்கள் நாற்காலி விக்டோரியாவில் இருக்கிறது, தூண்டில் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது" என்றார். எல்லை ஆற்றின் நடுவில் ஓடும் என்று நினைத்திருந்தேன். தென்கரைதான் எல்லையாம், தண்ணீர் அவர்களுடையது. அன்றைக்கு எச்சரிக்கையோடு விட்டார். நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவர்கள் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள்.